பம்ப் ஹவுஸின் வட்ட யன்னல்

1

இந்தக் கதை கோழைத்தனத்தில் பிறந்தது. அன்ரனெற் அன்ரியிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வசனத்தைச் சொல்லப் பயந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'ரொறன்ரோ ஏரிக்கரையில் நூறு வருடப் பழமையான செங்கல் கட்டடம் ஒன்று கம்பீரமாக...'

(கம்பீரமாம்! அடித்துவிட்டேன்.)

2

அது மழைக்கால வடிகால் தண்ணீரை ஏரிக்குள் இறைத்த பம்ப் ஹவுஸ். உயரமான எஞ்சினுக்கு வெளிச்சம் வேண்டுமென்று நீண்ட வளைவு யன்னல்கள். புகை போக மணிக்கூண்டு மாதிரி ஒரு கோபுரம். வாசலுக்கு மேலே வட்ட யன்னல். [இதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. சாக்கடைக்கு எதற்கையா இவ்வளவு அழகு? கட்டியவன் என் கையில் கிடைத்தால்...]

பக்கத்தில் பார்க்டேலில் இருக்கும் அன்ரி அதைக் கோயிலென்று நினைத்தார். 2009 மே மாதம் வன்னியில் அவருடைய மகன் மாக்கஸ் காணாமல் போனான். அந்தக் கிழமையே, தெருவில் ஓடும் ட்ராமான ஸ்ட்ரீட்காரில் போகும்போது, வட்ட யன்னலைப் பார்த்து மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: மகன் வந்த பிறகு அவனோடுதான் உள்ளே கால் வைப்பது. அதனால் கிட்டப் போய்ப் பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கவில்லை. கடக்கும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போடுவார்.

நானும் நம்பியிருந்தேன். போன வருடம் பழைய கட்டடங்களைப் பார்வைக்குத் திறந்துவிட்ட நாளில் உள்ளே போனேன். பீடம் இருக்குமென்று நினைத்த இடத்தில் ஒரு குழி, அதற்குள் துருப்பிடித்த பம்ப். அன்ரியிடம் மூச்சுவிடவில்லை.

3

போன செவ்வாய் அன்ரி எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, வாற சனிக்கிழமை உந்தக் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போறீரோ?"

"மாக்கஸ் வந்திட்டானோ அன்ரி?"

"இல்லையப்பு. அவன் இனி வரமாட்டான். அவன்ரை ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். பதினாறு வருசமாக் கேட்டுக்கொண்டிருந்த மாதா. அவவுக்குத்தான் முதல் சொல்லவேணும்."

"ஓம் அன்ரி" என்றேன். என்னை நானே வெறுத்தேன்.

4

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருட மன்றாட்டும் வடிகாலோடு போய்விட்டதென்று அவர்... (முடியவில்லை.)

(ஆ) வேறு கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். வட்ட யன்னல் இல்லையென்றதுமே கண்டுபிடித்துவிடுவார்.

(இ) அவருக்கு எல்லாம் முதலே தெரியும். [எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தப்பியோடும் வழி. அன்ரிக்குத் தெரியாது.]

(ஈ) மாக்கஸ் வருகிறான். இதை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அன்ரி நம்பினார், நான் நம்பவில்லை.

5

சனிக்கிழமை காலை. அன்ரியின் அப்பார்ட்மென்ற் லொபியில் நின்று போனில் இதை எழுதுகிறேன். லிஃப்ற் திறக்கிறது. கறுப்புச் சேலை. கையில் இரண்டு மெழுகுதிரிகள்.

"ஒண்டு மாக்கஸுக்கு" என்கிறார். "மற்றது உமக்கு. கோயிலுக்கு வெறுங்கையோடை வரப்படாது. பிடியும்."

ஸ்ட்ரீட்காரால் இறங்கி அந்த வாசலுக்கு இருபது அடி. அதற்குள் யாராவது அது கோயிலில்லையென்று சொல்லித்தான் ஆகவேண்டும். என்னால் முடியாது, இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்ரி கையை நீட்டியபடி நிற்கிறார். இதை வாசிக்கிறவரே, மெழுகுதிரியை நீங்கள் வாங்குங்கள்.