பாடம் கேட்டு நின்றவர்கள்

1

இந்தக் கதை பாபநாசம் பேருந்தில் நான் ஒட்டுக்கேட்டது. "பரீட்சையில விடை சொல்லித் தராத டீச்சர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டியே!" என்றாள் முன் இருக்கைப் பெண். பக்கத்தில் இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கற்பனை.

'கல்வித் தரம் வீழ்ந்துகொண்டிருந்த எழுபதுகளின் இறுதியில், தஞ்சைத் தரணியெங்கும்…'

வேண்டாம். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது.

2

கூத்தாநல்லூர் ஹபீபுன்னிசா டீச்சர் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்கு மேற்பார்வையாளராகப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனார். அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் தனியாக அழைத்துச் சொன்னார்: "நம்ம ஆள் வந்து விடை சொல்லுவார். கண்டுக்காதீங்க. எல்லா ரூம்லயும் நடக்கிறதுதான்."

டீச்சர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். (துணிச்சல்காரி என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தாழ்ப்பாள் விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்.)

முடிவு வந்தபோது அந்த அறையில் பாதிப் பேர் ஃபெயில்.

3

நடவு வேலைக்குப் போகிற காத்தாயி, மகள் அம்சத்தை இழுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மத்த ரூம் புள்ளைங்கல்லாம் பாஸு. உங்க ரூம்ல உக்காந்த பாவத்துக்கு எம்பொண்ணு ஃபெயிலு. எங்க வீட்டுப் புள்ள படிச்சா உங்களுக்கு ஆகாதா டீச்சரம்மா?"

ஹபீபுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. முடிவு வந்த நாளிலிருந்து அவர் தூங்காமல் புரண்டதும் இதை நினைத்துத்தான். (இங்கே அவருக்கு ஒரு நல்ல வசனம் தர ஆசைப்பட்டேன். வரவில்லை.) அம்சத்திடம் மட்டும் கேட்டார்: "கணக்கு யாரும்மா எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கல டீச்சர். கணக்கு சார் டியூஷன்லதான் நடத்துவாரு. டியூஷன் வராதவங்க பரீட்சையில பாத்து எழுதிக்கங்கன்னுட்டாரு."

காத்தாயி மகளின் கையை விட்டாள். கூலி உயர்வுக்காக வயலில் இறங்க மறுத்து வரப்பில் நின்றவள் அவள்.

"வருசம் முழுக்க வேலையே பாக்காம சம்பளம் வாங்கியிருக்காரா அந்தாளு? ஒரு வேளை நடவு நடாம நாங்க கூலி கேட்டா மிராசுதாரு கொடுப்பாரா? நான் வந்த வாசலே தப்பு. பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் வாங்க டீச்சரம்மா."

4

டீச்சர் போனாரா? அரசு உத்தியோகம். வேறு பள்ளி விவகாரம். அவர் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். போனார், லீவு போட்டுவிட்டு.

பள்ளி வாசலில் நடவுப் பெண்கள் இருபது பேர் இருந்தார்கள். "கூலி கேக்கற மாதிரி வந்து நிக்கிறீங்களே!" என்றார் குஞ்சிதபாதம்.

"கூலி கேட்டு நின்னவங்கதான் சார். இன்னைக்குப் பாடம் கேட்டு நிக்கறோம். ஃபெயிலான புள்ளைங்களயும் உக்கார வச்சு நடத்தச் சொல்லுங்க," என்றாள் காத்தாயி.

தலைமையாசிரியர் வெயிலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வகுப்புக்குள் போனார். மணி அடிக்கும்வரை பெண்கள் ஜன்னலோரம் நின்றார்கள். "நல்லாத்தான் நடத்துறாரு," என்றாள் காத்தாயி, ஆச்சரியமாக. டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

5

அக்டோபரில் அம்சம் மறுபடி கணக்கு எழுதினாள். எத்தனை வாங்கினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. மார்க்கை நீங்களே போடுங்கள். ஆனால் இரக்கப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். தாளைத் திருத்திவிட்டுப் போடுங்கள்.