முடியாது என்று சொன்ன உஸ்தா

தொலைக்காட்சியில் ராணுவ தின அணிவகுப்பு ஓடினால் எங்கள் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதில்லை. இந்த ஏவுகணை இத்தனை கிலோமீட்டர் போகும், அந்த டிரோன் அத்தனை மணி நேரம் பறக்கும் என்று அறிவிப்பாளன் மூச்சு விடாமல் அடுக்குவான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய குதிரைப்படையையும் நடுவில் இழுத்துவிடுவான். "ஒரு ரப்பர் வளையத்துக்கு நாங்க நாயா அலைஞ்சோமே, அதச் சொல்லுடா முதல்ல" என்று நான் ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

எங்கள் மன்னர் ஷா ஆண்ட காலத்தில் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது. விமானம், ராடார், ஏவுகணை, அதைத் துடைக்கிற துணிகூட. புரட்சி வந்ததும் அமெரிக்க டெக்னீஷியன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள், உதிரி பாகம் வருவது நின்றது. அடுத்த வருஷமே ஈராக் படை உள்ளே வந்துவிட்டது. தற்சார்பு, தற்சார்பு என்று இன்றைக்கு மேடை போட்டுப் பேசுகிறார்களே, கடையில் சாமான் கிடைக்காத வயிற்றெரிச்சலில் பிறந்தது அது. வாங்க முடியாததைச் செய்தோம். செய்ய முடியாததை ஒளித்து வைத்தோம். ஒளிக்கவும் முடியாததை நாலு இடமாகப் பிரித்து வைத்தோம்.

நான் தெஸ்ஃபுல் ஊருக்கு வெளியே ஒரு வான்காப்புப் படைப்பிரிவில் ராடார் மெக்கானிக். சண்டையின் மூன்றாவது கோடை. ராடாரைக் குளிர்விக்கும் குழாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, என் உள்ளங்கை அகலம்தான். ஒரு நாள் காலையில் அது கிழிந்தது, ராடார் நின்றது. இஸ்ஃபஹான் கிடங்கில் கேட்டோம், இல்லை. தெஹ்ரானிலும் இல்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்திமேஷ்க் நிலையத்திலிருந்து தெஹ்ரானுக்கு ஒரு ரயில் புறப்பட இருந்தது. அதில் காயம்பட்டவர்கள் முந்நூறு பேர். அவர்களில் ஒருவன் என் தம்பி ஷாபூர். இருபது வயது, முழங்காலில் குண்டுச் சில்லு. சீக்கிரம் தெஹ்ரான் போய்ச் சேராவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிரி விமானங்களோ நண்பகலில் வருவதை வாடிக்கையாக வைத்திருந்தன. அந்தப் பக்கத்து வானத்துக்கு எங்கள் ராடார் ஒன்றுதான் கண்.

நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு பஜாருக்கு, உஸ்தா யதுல்லாவிடம் போனேன். பிரஷர் குக்கர், ஏர்கூலர், தண்ணீர் பம்பு எல்லாவற்றுக்கும் ரப்பர் வளையம் வார்த்துக் கொடுப்பவர் அவர்; கைத்தொழிலில் தேர்ந்தவரை நாங்கள் உஸ்தா என்போம். உட்கார வைத்தார், தேநீர் கொடுத்தார், சர்க்கரைக் கட்டியை என் பக்கம் தள்ளினார். நான் கிழிந்த வளையத்தைக் காட்டினேன். ரயிலைச் சொன்னேன், தம்பியையும் சொன்னேன். நாளைக் காலை கிடைக்குமா என்று கேட்டேன்.

"என் கண்ணு மேல, தம்பி" என்றார். கட்டாயம் செய்கிறேன் என்பதற்கு எங்கள் ஊர் மரியாதைப் பேச்சு அது.

நிச்சயமா என்று மறுபடி கேட்டேன். "ரெண்டு கண்ணு மேலயும்" என்றார்.

இங்கேதான் நான் முட்டாள் ஆனேன். எங்கள் மக்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. வழி கேட்டால் தெரியாதவன்கூட ஏதாவது ஒரு திசையில் கையை நீட்டுவானே தவிர தெரியாது என்று சொல்ல மாட்டான். அதனால் நாங்கள் சொல்லை விட்டுவிட்டு அதோடு வருவதைப் பார்ப்போம். நிஜமாகச் செய்யப்போகிறவன் உடனே கேள்வி கேட்பான்: எவ்வளவு சூடு தாங்கணும், உள்ளே ஓடுவது தண்ணீரா எண்ணெயா என்று. யதுல்லா ஒன்றுமே கேட்கவில்லை. தெஸ்ஃபுல்லில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஆமாம் என்ற சொல் எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. அந்தச் சொல்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பிரிவின் கேப்டன் மொஹாஜெர் முகாம் வாசலிலேயே நின்றிருந்தார். நாளைப் பகலுக்குள் ராடார் ஓடுமா என்று கேட்டார். "என் கண்ணு மேல, கேப்டன்" என்றேன் நானும். அவர் தொலைபேசியை எடுத்து, ரயில் பன்னிரண்டுக்கே புறப்படட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். கடைக்காரர் ஒருவரின் மரியாதைப் பேச்சு மூன்று வாய் மாறிப் படை உத்தரவாகிவிட்டது.

மறுநாள் சூரியன் கிளம்பும்போது முகாம் கேட்டில் நான் நின்றிருந்தேன். சாலையில் ஒரு ஆள் நடந்து வந்தார். யதுல்லாதான். எட்டு கிலோமீட்டர். சட்டையெல்லாம் புழுதி. கையில் காகிதம் சுற்றிய பொட்டலம்.

பிரித்துப் பார்த்தேன். வளையம் அச்சு அசலாக இருந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மாட்டாத" என்றார். "எங்கிட்ட இருக்கறது குக்கர் ரப்பர். என் வீட்டுக்காரி வாணலியில எண்ணெய் காய வச்சுப் போட்டுப் பாத்தேன். அரை மணி நேரத்துல அல்வா மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு வந்த கோபத்தில் வயசைக்கூடப் பார்க்கவில்லை. நேற்று எதற்குக் கண்ணு மேல கண்ணு மேல என்று ரெண்டு தடவை சொன்னீர், உங்கள் வாயில் மண்ணைப் போட என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சொல்லிட்டு என் டீயக் கையில வச்சிருந்த. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிப்பா சொல்றது?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் என் புத்தி கோணலாகப் போயிற்று. வளையத்தை மாட்டிவிடலாம். அரை மணி நேரம் ஓடும். அதற்குள் ரயில் போனாலும் போய்விடும். போகாவிட்டால் வளையம்தான் மோசம் என்று சொல்லிக்கொள்ளலாம். கேப்டன் முன்னால் போய் என்னால் முடியவில்லை என்று நிற்க வேண்டியதில்லை. அந்த நினைப்பில்தான் சொன்னேன்: "விடுங்க உஸ்தா, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் போகவில்லை. வளையத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இதச் சொல்லத்தான் நடந்து வந்தேன். சொல்லாமப் போக மாட்டேன். உங்க கேப்டன் எங்க?"

முப்பது வருஷமாக அந்த பஜாரில் முடியாது என்ற சொல்லை உச்சரிக்காத மனிதர் கேப்டன் கூடாரத்தில் போய் நின்றார். பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, நான் நேத்து சொன்னது பொய். என்னால முடியாது" என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று, எனக்கும் நேற்றே சந்தேகம் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். அவர் அப்படி நிற்கும்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் சுடுகிறது. பிறகு யதுல்லாவுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ பெரிய அதிகாரி. நேற்று கொடுத்த வாக்கை இன்று திரும்ப வாங்குவது சாதாரண விஷயமில்லை, எதிர்முனையில் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. கேப்டன் காதை விட்டு ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, "என்னால காவல் காக்க முடியாது, ஐயா. ரயில நிறுத்துங்க" என்று மூன்று தடவை சொன்னார்.

நிறுத்தினார்கள். காலிப் பெட்டிகளை மலை இடுக்குக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காயம்பட்டவர்களைத் தெஸ்ஃபுல் வீடுகளுக்கு அடியில் இருக்கும் ஆழமான நிலவறைகளில் இறக்கினார்கள். கோடை வெயிலுக்குத் தப்பிக்க எங்கள் முன்னோர் தோண்டியவை அவை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது விமானங்கள் வந்தன. கண் தெரியாத ராடாருக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் எண்ணினேன். பிறகு போய்ப் பார்த்தால், நிலையத்தில் ரயில் நின்றிருக்க வேண்டிய இடத்தில் தண்டவாளம் வளைந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நடைமேடையே இல்லை. என் தம்பி அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் படுத்துக்கொண்டு தர்பூசணி தின்றிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் தண்டவாளத்தைச் சரிசெய்து ரயிலை அனுப்பினார்கள். கால் தப்பியது. கொஞ்சம் நொண்டல், அவ்வளவுதான். உயிரோடு நொண்டினான் என் தம்பி, இறைவனுக்கு நன்றி.

வளையத்தை யதுல்லா விடவில்லை. லாரி எஞ்சின் ரப்பர், இன்னும் என்னென்னவோ சேர்த்து வார்த்து வார்த்துப் பார்த்தார். இந்தத் தடவை கேள்வி கேட்டே என் உயிரை எடுத்தார். இருபதாம் நாள் கொண்டுவந்த ஒன்பதாவது வளையம் சண்டை முடியும்வரை நின்றது.

இனிப்புத் தட்டோடு அவர் கடைக்குப் போய்க் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீ நன்றி சொல்லணும்னா ஒண்ணு செய். நான் முடியாதுன்னு சொன்னத இந்த பஜார்ல எவன்கிட்டயும் சொல்லாத. உன் தம்பிகிட்டயும்தான். அப்புறம் எவன் என்கிட்ட குக்கரத் தூக்கிட்டு வருவான்?"

அவருக்கு அது அவமானம். நான் என்ன செய்ய? வாயைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு நடந்ததுதான் கூத்து. ஷாபூர் ஊருக்குத் திரும்பி அதே பஜாரில், யதுல்லா கடைக்கு எதிரே பாத்திரக் கடை வைத்தான். முப்பது வருஷம் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. வளையம் தளர்கிறது என்பான் இவன். உன் குக்கர்தான் கோணல் என்பார் அவர். ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து, "அந்தக் கெழத்துக்குத் தோத்தேன்னு ஒத்துக்கவே வராதுண்ணே" என்று திட்டுவான். நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொள்வேன்.

போன மாதம் யதுல்லா இறந்துபோனார். சவப்பெட்டி பள்ளிவாசலிலிருந்து கிளம்பியபோது ஷாபூர் கடை வாசலில் கும்பலோடு கும்பலாக நின்றிருந்தான். நான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த ரயில், நீ தின்ற தர்பூசணி, எட்டு கிலோமீட்டர் நடந்து வந்து முடியாது என்று சொன்ன வாய்.

அவன் என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டான். நொண்டிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போனான். சவப்பெட்டிக்குத் தோளைக் கொடுத்தான். எங்கள் வழக்கத்தில் ஏழெட்டு அடிக்கு ஒருமுறை தோளை மாற்றுவார்கள். எல்லோருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு. இளைஞர்கள் வந்து, கால் சரியில்லாதவர் நீங்கள், கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள்.

"முடியாது" என்றான். கல்லறை வரைக்கும் யாருக்கும் கொடுக்கவில்லை.