சண்டை வந்தால் கழட்டி வைக்கலாம்

மேகலாவுக்கு நவீன்குமாரைப் பிடித்துப் போனதே அவன் உட்கார்ந்த விதத்தில்தான். வேலூர் கோட்டைப் பூங்காவில் முதல்முறை தனியாகச் சந்தித்தபோது, "எனக்கு வலது பக்கம்தான் கேக்கும், அந்தப் பக்கம் உக்காருங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுபடி சொல்ல வேண்டி வரவில்லை. ஓட்டலானாலும் லாங் பஜார் நெரிசலானாலும் அவனாகவே வலது பக்கம் வந்துவிடுவான். கூடப்பிறந்த அண்ணன்கூட இன்றுவரை செய்யாத காரியம் அது.

ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. சென்னையில் ஆபரேஷன் செய்து வலது காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு வயர் மேலே போய், வட்டமான காயில் ஒன்று காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியிருக்கும்வரை கேட்கும்; எடுத்தால் ஒன்றுமே கிடையாது. முதலில் எல்லாச் சத்தமும் தகரத்தைச் சுரண்டுவதுபோல்தான் இருந்தது. அம்மா அமிர்தவள்ளி வாரம் தவறாமல் மாதனூரிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏற்றிப் போய்ப் பயிற்சியில் உட்கார வைத்தாள். தகரச் சத்தம் மெல்ல மெல்லப் பேச்சானது.

இப்போது மேகலா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் சூப்பர்வைசர். ராணிப்பேட்டையில் லெதர் கெமிக்கல் லேப்பில் வேலை பார்த்த நவீன்குமார் கம்பெனி வேலையாக அங்கே வந்துபோனதில் பழக்கம். பிறகு வாட்ஸ்அப். எழுத்தில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவன் ஒரு கிண்டல் அடித்தால் இவள் இரண்டு அடிப்பாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அமிர்தவள்ளி சாமி படத்தின் முன்னால் நின்று சந்தோஷத்தில் அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நவீன் தன் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி அவளை ஆம்பூர் பிரியாணிக் கடைக்குக் கூப்பிட்டிருந்தான். ஜான்சன், சுஹேல் அகமது என்று இரண்டு பேர். கடையில் நல்ல கூட்டம். தட்டுச் சத்தமும் ஆர்டர் கூவும் சத்தமும் மெஷினுக்குள் ஒன்றாகக் கொட்டின. மேகலா உதடுகளைப் பார்த்துப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சாப்பிடக் குனிந்தாலும் ஒரு வாக்கியம் போய்விடும். அதனால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

"அது இன்னா, காந்தமா? எப்டி நிக்குது?" என்று ஜான்சன் அவள் தலையைக் காட்டிக் கேட்டான். அவளிடம் அல்ல, நவீனிடம்.

"பாக்குறியா?" என்றான் நவீன். கையை நீட்டி, காயிலைப் பட்டென்று பிடுங்கினான்.

கடை அணைந்தது. ஆட்கள் வாயைத் திறந்து மூடினார்கள். நவீன் காயிலை மேஜையிலிருந்த ஸ்பூனில் ஒட்டவைத்துக் காட்டினான். வயர் இழுபட்டு, மெஷின் அவள் காதிலிருந்து சரிந்து தோளில் தொங்கியது. அவன் ஜான்சன் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே பேசினான். சத்தம் போனால் உதடும் புரியாமல் போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய உதடு அது.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதாண்டா வசதி. சண்ட வந்தா கழட்டி பீரோல வெச்சிடலாம். அது பாட்டுக்கு இருக்கும்."

ஜான்சன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். சுஹேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேகலா ஸ்பூனிலிருந்து காயிலைப் பிய்த்தாள். மெஷினைக் காதில் மாட்டி, காயிலைத் தலையில் ஒட்டவைத்தாள். சத்தம் திரும்பியதும் கேட்டாள்.

"இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்ல, விடு."

இந்த இரண்டு வார்த்தைகளை அவள் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள்! பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், சொந்த அண்ணனிடம். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவளுக்கு என்று மிச்சம் வைப்பது இதைத்தான். இவனும் வைத்தான்.

"திருப்பிச் சொல்லு."

"சும்மா ஜோக்குமா. சாப்டு, ஆறுது பாரு."

"சண்ட வந்தா பீரோல வெப்பியா? மெஷின வெப்பியா, என்னை வெப்பியா? 'அது பாட்டுக்கு இருக்கும்'னியே, எது? நான் அதுவா?"

நவீன் முகம் வெளுத்தது. நாலு பக்கமும் பார்த்தான். "மெதுவா பேசு மேகலா. எல்லாரும் பாக்குறாங்க."

"செவிடிக்கு மெதுவான்னா எவ்ளோன்னு எப்டித் தெரியும்?" என்று கத்தினாள். அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பழகிய அளவு அது. இன்று அந்த அளவு வேண்டாம் என்றுதான் கத்தினாள். ஆர்டர் கூவுகிறவன்கூட நிறுத்திவிட்டான்.

கையைக் கழுவாமலே வெளியே வந்து பஸ் ஏறினாள்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அவன் போன் முந்திக்கொண்டு போயிருந்தது. வாசலிலேயே அமிர்தவள்ளி பிடித்துக்கொண்டாள். "இன்னாடி பண்ணிட்டு வந்துகிற? ஏதோ வெளையாட்டா பேசிட்டேன் அத்தேன்னு அந்தப் புள்ள எவ்ளோ வருத்தப்பட்டுது தெரியுமா? உன்னை இப்டியே கட்டிக்கறேன்னு இன்னொருத்தன் வருவானா?"

"இப்டியேன்னா எப்டி?"

போன வருஷம், நவீன் விஷயம் வீட்டுக்குத் தெரியும் முன்பு, தரகரிடம் கொடுத்த போட்டோவை மேகலா நினைத்தாள். கூந்தலை முன்னால் இழுத்துவிட்டு, வலது காது தெரியாதபடி முகத்தைத் திருப்பி எடுத்த படம். எடுக்கச் சொன்னது அம்மாதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்கிச் சொல்லவும் பிடிக்கவில்லை. அடிபட்டவளே ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பாடம் எடுக்க வேண்டுமா?

அடுத்த ஞாயிறு நவீன் ஆப்பிளும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் வாங்கிக்கொண்டு வந்தான். அமிர்தவள்ளி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் அமிர்தவள்ளியைப் பார்த்தே பேசினான்.

"மன்னிச்சிடுங்க அத்த. இவ்ளோ கோவம் வரும்னு தெரியல."

"என்கிட்ட சொல்லு" என்றாள் மேகலா.

"சரி, சாரி. ஆனா யோசிச்சிப் பாரு. ரெண்டு செகண்டு எடுத்தேன், திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கு ஊரக் கூட்டி மானத்த வாங்கிட்ட."

"இன்னாத்த எடுத்த?" என்று கேட்டது அமிர்தவள்ளி.

"காயில் அத்த. ஃப்ரெண்டுக்குக் காட்டலாம்னு..."

காப்பி டம்ளர் அமிர்தவள்ளி கையிலேயே நின்றது. "நீ போன்ல அத சொல்லலியே. பேசிட்டேன்னுதான சொன்ன? கழட்னியா? கடைல, அவளக் கேக்காமயா?"

"சின்ன விஷயம் அத்த..."

"பெத்தவ நான். தலை பின்றப்பகூட, கழட்டவாம்மான்னு கேட்டுட்டுத்தாண்டா தொடுவேன். எந்திரி."

அவன் மேகலாவைப் பார்த்தான். அவன் கொண்டுவந்த பையை எடுத்து அவள் அவன் மடியில் வைத்தாள். "நான் கத்துனது தப்புன்னு நெனச்சிட்டுதான் வந்துகிற. போ. இனிமே மெசேஜும் பண்ணாத."

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் அமிர்தவள்ளி மகளைக் கட்டிக்கொள்ள வந்தாள். மேகலா விலகினாள்.

"அவன் கழட்டுனான். நீ மறைச்ச. தரகர்கிட்ட இருக்கிற போட்டோவ வாங்கிடு. மெஷின் தெரியற மாதிரி வேற எடுப்போம். இல்லன்னா போட்டோவே வேணாம்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தானடி..."

"தெரியும். அதான் ஜாஸ்தி கோவம் வருது."

அமிர்தவள்ளி அழுதாள். மேகலா சமாதானம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இன்ஸ்டாகிராமில் ஒரு மெசேஜ் வந்தது. சுஹேல் அகமது. 'அன்னிக்கு நவீன் பண்ணது ரொம்ப தப்பு. நான் அங்கயே கேட்டிருக்கணும். கேக்கல. மனசு பேஜாரா இருக்கு.'

வழக்கமான மேகலாவாக இருந்தால் 'பரவாயில்ல, விடுங்க' என்று அனுப்பியிருப்பாள். பாதிவரை அடித்தும் விட்டாள். பிறகு அழித்தாள்.

'ஆமா. கேட்டிருக்கணும்' என்று அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பெனி ஸ்டாப் வந்ததும் இறங்கினாள்.