குடத்துல வந்த ராத்திரி

கீழநல்லங்குடிக்கு ராத்திரிங்கறதே டேங்கர் லாரியிலதான் வருது. எண்ணெய்க் கம்பெனிக்காரன் வயக்காட்டு நடுவுல ஒரு கொழாய நட்டு, மிச்ச கேஸ உச்சியில கொளுத்தி விட்டுருக்கான். பனமர ஒசரத்துக்கு எரியுது. அன்னையிலேந்து ஊருக்குள்ள இருட்டே எறங்கல. சம்பாப் பயிரு புல்லாட்டம் மதமதன்னு நிக்குது, கதிரு விடல. கொக்கு ஒத்தக் கால்லயே நிக்குது, எப்ப வீட்டுக்குப் போறதுன்னு அதுக்கு எவன் சொல்றது?

லாரி ஆரன் அடிச்சா பொம்பளைங்க கொடத்தோட ஓடுவாங்க.

"ஏண்டி மரகதம், ஒன் கொடத்துல மட்டும் நெலா மெதக்குது? டிரைவரு ஒனக்கு மாமனா?"

"வேணுன்னா நீயே கட்டிக்க. போன தடவ எனக்குப் பாதிக்குப் பாதி அந்தியக் கலந்து ஊத்துனான், அப்ப எங்கடி போயிருந்த?"

தையல்நாயகி கொடத்த இடுப்புல வச்சி வரிசையில நின்னா. அவ மவன் பொறந்து ஏழு மாசம் ஆவுது, ஒரு தடவ கண்ண மூடல. அழுவறதும் இல்ல. மல்லாந்து படுத்துப் பாத்துக்கிட்டே கெடக்கான். பாத்துப் பாத்துக் கண்ணு ரெண்டும் வளந்து மூஞ்சியில பாதிக்கு வந்துருச்சு. "ஒரு கொடம் ராத்திரி ஊத்திப் படுக்கப் போடும்மா, இல்லாட்டிப் புள்ள மொத்தமும் கண்ணாயிரும்"னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருச்சு.

லாரிக்குப் பின்னால ரப்பர் ஓசப் புடிச்சிக்கிட்டு நிக்கறது வார்டு மெம்பர் கலியமூர்த்தி.

"கம்பெனி நடப்போற ரெண்டாவது கொழாய்க்குக் கை தூக்குனவங்களுக்குத்தான் கொடம். கிராமசபையில நீ தூக்கல தையலு."

"அது என் வயலுக்குள்ளதானே வருது மாமா. அதையும் கொளுத்துனா இன்னும் வெளிச்சமாவுமே."

"ஆவட்டும். இன்னும் நாலு லாரி விட்டுட்டாப் போச்சு."

"லாரிக்கு டீசலு?"

"அதுக்குத்தானே ரெண்டாவது கொழாயே!"

வரிசையில எல்லாரும் சிரிச்சாங்க. தையலும் சிரிச்சா. அப்பறம் முந்தானைக்குள்ள சுருட்டி வச்சிருந்த வலது கைய எடுத்துத் தூக்குனா.

"பஸ்ஸுக்குக் கை காட்டற மாதிரி இருக்கு. நல்லாத் தூக்கு."

நல்லாத் தூக்குனா. மெம்பர் ஓச விட்டாரு. ராத்திரி சத்தமே இல்லாம விழுந்துச்சு. கொடம் சில்லுன்னு ஆயிருச்சு.

"சிந்தாமக் கொண்டு போ யக்கா. கெட்டிச் சரக்கு, நடுச்சாமத்துலேந்து உறிஞ்சுனது"ன்னான் டிரைவரு சவரிமுத்து.

"எந்த ஊருதுடா?"

"தண்ணி லாரியில தண்ணி எந்த ஊருன்னா கேக்கற?"

வீட்டுக்குப் போயி, சன்னல்ல சாக்கத் திணிச்சி, கதவிடுக்குல வைக்கோல அடச்சி, உள்ரூம்புல கொடத்தக் கவுத்தா. இருட்டு தரையில பரவி, கணுக்காலுக்கு வந்து, கழுத்துக்கு ஏறிக் கூரையத் தொட்டுச்சு. பாயில புள்ளையப் போட்டா. மூஞ்சியத் தடவிப் பாத்தா, எமை ரெண்டும் ஒட்டியிருந்துச்சு. கண்ணு சின்னதாயி, மூக்குக்கும் வாய்க்கும் அதது எடம் திரும்பக் கெடச்சிருந்துச்சு. கொஞ்ச நேரம் அந்த மூச்சக் கேட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தா.

கதவச் சாத்திட்டு வாசலுக்கு வந்தப்ப, அதுக்குள்ளயே அவ வயல்ல ரெண்டாவது தீ எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு. படலுகிட்ட யாரோ ஒரு பொம்பள. நடந்து நடந்து காலெல்லாம் வெடிச்சிருந்துச்சு.

"லாரி எங்கூரு ராத்திரிய உறிஞ்சிக்கிட்டு வந்துச்சுங்க. எம்புள்ள இன்பராசு அதுல தூங்கிக்கிட்டிருந்தான்."

"அப்ப உள்ளதான் இருப்பான். சட்டுன்னு வாங்க, வெளிச்சம் பூந்துரும்."

ரெண்டு பேரும் இருட்டுல மண்டி போட்டுப் பாயத் தடவுனாங்க. ஒரு தலைக்குப் பக்கத்துல இன்னொரு தலை, அதே வெதுவெதுப்பு.

"எது உங்களுது?"

"தெரியலங்க. வெளக்கு ஏத்துனாத் தெரியும்."

"ஏத்துனா முழிச்சிக்கிருவாங்களே."

"அப்ப வேணாம். தூங்கட்டும்."

பக்கத்துக்கு ஒருத்தியா ஒக்காந்தாங்க. வெளியில ரெண்டு தீயும் மாவு மில்லாட்டம் ஓயாம எரைஞ்சிது. குளுரு ஏறவும் தையலு பழைய சேலையக் கால் பக்கமாப் போத்தி விட்டா. தடவுனப்ப ஆறு காலு இருந்துச்சு. அந்தப் பொம்பளையும் தடவிப் பாத்தா. "இன்னொண்ணு எந்த ஊருதோ"ன்னா. தையலு சேலைய ஒரு மடிப்புப் பிரிச்சி, ஆறுக்கும் எட்டற மாதிரி இழுத்து விட்டா.