வடக்குப் பக்கத்துப் பொந்து

மூன்று நாளாகப் பொன்னுத்தாய் தன் வீட்டு வைக்கோல் போரை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. அவள் புருஷன் வீரையன் அதற்குள்தான் இருந்தான்.

ஆட்சி மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. உழுகிறவன் பேரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டமும் வந்துவிட்டது. வீரையன் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தான். அறுப்பு நாளில் பண்ணையார் வெளியூர் ஆளை இறக்கினார், கைகலப்பானது, ஒருவன் மண்டை உடைந்தது. உடைத்தவன் யாரோ, கேசில் ஏறிய பேர் வீரையன் பேர். "திங்கட்கிழமை நானே அவனைக் கோர்ட்டில் ஒப்படைக்கிறேன். அதுக்கு முன்னாடி பண்ணை ஆளுங்க கையில சிக்கினா உசுருக்கு நான் பொறுப்பில்லைம்மா" என்று வக்கீல் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.

அந்தக் காலைதானா பார்த்து வரவேண்டும் அந்தப் பெண்? பிரகதாம்பாள் என்று பேர், கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறவள். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்து, தெருப் பெண்களை எல்லாம் கூட்டிவிட்டாள். "தினம் பாக்குறீங்க, ஆனா கவனிக்கிறதில்ல. அப்படி ஒண்ணை ஆளுக்கு ஒண்ணா வரைங்க" என்று கரித்துண்டைக் கையில் கொடுத்தாள்.

"எம் புருஷன் மூஞ்சியை வரையட்டுமா? அதைத்தான் நான் கவனிக்கிறதே இல்ல" என்றாள் செவ்வந்தி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்றுதான் பொன்னுத்தாயும் வந்து நின்றாள்.

கோலம் போட்டுப் பழகிய கைகள். புள்ளி பிசகாது. மதகு வந்தது, குழாயடிக் குடங்கள் வந்தன. எதிர்வீட்டு அம்சம் குந்தி உட்கார்ந்து ஒரு வைக்கோல் போரை வரைந்தாள். பக்கத்தில் வாய்க்கால், வாய்க்கால் கரையில் பூவரசு. போரின் வாய்க்கால் பக்கத்தில், இடுப்புயரத்தில், ஒரு பொந்து.

பொன்னுத்தாய் அடையாளம் கண்டுகொண்டாள், அது அவள் வீட்டுப் போர்.

வடக்குப் பக்கம் அது. அந்த ஊரில் எவரும் வடக்கே வைக்கோல் உருவமாட்டார்கள். வாடை மழை அடிக்கிற பக்கம், உருவினால் போர் முழுக்க நனைந்து மக்கிவிடும். விடிகாலையில் கஞ்சிக் கலயத்தை உள்ளே நீட்டிவிட்டு, பொந்தை அடைப்பதற்குள் அம்சம் வாய்க்காலுக்கு வந்திருக்கிறாள். கண்ணில் பட்டிருக்கிறது. என்ன ஏது என்று அவளுக்குத் தெரியாது, பாவம். பட்டதைப் பட்டபடி வரைந்துவிட்டாள்.

அழிக்கலாமா? அழித்தால் எல்லாரும் அங்கேயே பார்ப்பார்கள். யோசிப்பதற்குள் சைக்கிள் வந்து நின்றது. பண்ணைக் காரியக்காரர் துரைக்கண்ணு. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பார்வை போரில் வந்து நின்றது.

"இது யாரு போரு? வடக்கே உருவியிருக்கு?"

அம்சம் பொன்னுத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். பொன்னுத்தாயின் முகம் சுவரைவிட வெளுத்திருந்தது. அப்போதுதான் அம்சத்துக்கு விளங்கியது. கரி கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுத்தவள் செவ்வந்தி.

"அது கோழி அடைகாக்குற பொந்துங்க. எல்லார் வீட்டுப் போருலயும் உண்டு." சொல்லிக்கொண்டே பக்கத்தில் இன்னொரு போரை வரைந்து அதற்கும் பொந்து வைத்தாள். கண்ணாத்தாள் ஒன்று, அவள் மருமகள் ஒன்று. சற்று நேரத்தில் சுவர் முழுக்கப் போரும் பொந்துமாக ஆகிவிட்டது. பிரகதாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டாள்.

"கோழி நுழையற பொந்தா, எருமை நுழையற பொந்தா?"

"உங்க களத்து நெல்லைத் தின்ன கோழிங்க, பெருத்துப்போச்சு" என்றாள் செவ்வந்தி.

துரைக்கண்ணு சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்து வீட்டுக்கு நடந்தது. பின்னாலேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரும் வந்தார். பொன்னுத்தாய் வீடு நெருங்க நெருங்கப் பேச்சு நின்றது. ஒருத்தி மண்ணைப் பார்த்தாள், ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். இருபது பேரில் ஒருத்திகூடப் போர்ப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

பொன்னுத்தாய் அதைக் கவனித்தாள். அவளைக் காப்பாற்றத்தான் அப்படி நடக்கிறார்கள். ஆனால் இத்தனை பேர் ஒன்றைப் பார்க்காமல் நடந்தால், பின்னால் வருகிறவனுக்கு அதைத் தவிர வேறு என்ன தெரியும்?

நின்றாள். குரலெடுத்துக் கத்தினாள்.

"ஏண்டி அம்சம்! எம் போரைக் காக்கா கொத்திப் பிரிக்குது, கண்ணு அவிஞ்சா போச்சு? வெரட்டேண்டி!"

நல்லவேளை, உண்மையாகவே ஒரு காக்கை இருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. அம்சம் குனிந்து மண்ணாங்கட்டி எடுத்து வீசினாள். அது காக்கைமேல் படாமல் போரின் நடுவயிற்றில் போய் விழுந்தது.

இருபது பேரோடு துரைக்கண்ணுவும் பார்த்தார். ஒரு வைக்கோல் தாள்கூட அசையவில்லை.

"நல்ல வைக்கோலு" என்றார். சைக்கிளில் ஏறி மிதித்துப் போனார்.

அவர் மதகு தாண்டி மறைந்த பிறகும் பொன்னுத்தாய் போரைப் பார்த்தபடியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடந்தது. செவ்வந்தி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.