முழங்கால் திட்டு

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைய தவறு: நங்கூரக் கயிற்றின் நுனியைப் படகின் வளையத்தில் கட்டாமலே நங்கூரத்தைப் போட்டேன். நங்கூரமும் போயிற்று, கயிறும் போயிற்று.

மாலை வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை, தினமும் ஏதாவது எழுதுங்கள், அன்றைக்குத் தப்பாய்ப் போனதிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் இன்றைய தவறு கயிற்றோடு முடிந்த மாதிரி தெரியவில்லை. நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ என்னவோ. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

குடும்பத்தோடு வருகிறவர்களைக் காயலுக்குள் கூட்டிப்போய் மீன்பிடிக்கக் கற்றுக்கொடுப்பது எங்கள் தொழில். படகை ஓட்டி வழிகாட்டுவது அண்ணன். ஃபோனில் முன்பதிவு அண்ணி. பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, தூண்டிலில் இரை கோத்து, அவர்கள் கொக்கியை என் தலைமுடியில் மாட்டும்போது சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

எல்லோரும் கேட்டு வருவது முழங்கால் திட்டை. காயலின் நடுவே ஒரு மணல் மேடு. அதன்மேல் தண்ணீர் பெரியவர்களுக்கு முழங்கால் வரைதான். படகின் பின்பக்கத்தைத் திட்டில் ஏற்றி நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, தண்ணீரில் நின்றபடியே தூண்டில் போடவைப்போம். "பேன்ட்டை மடிச்சு விட்டாப் போதும் சார், துண்டுகூட வேணாம்" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வான். முன்பெல்லாம் யாரையும் இறக்குவதற்கு முன் நீள மூங்கிலால் சுற்றிலும் குத்திப் பார்ப்பான். இப்போது அந்த மூங்கிலில் அண்ணி துணி காயப்போடுகிறாள்.

இன்று காலை வந்தது ஒரு கணவன், மனைவி, பல் விழுந்த ஒரு சின்னப் பெண். அண்ணன் முதலில் இறங்கி அவளை இறக்கிவிட்டான். அவளுடைய லைஃப் ஜாக்கெட் பட்டையை ஒரு கையால் பிடித்தபடியே நின்றான். அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். நான் முன்பக்கம் போய் நங்கூரத்தைப் போட்டேன். அவர்கள் நின்ற இடத்துக்கும் எனக்கும் நடுவில் படகின் நீளம்தான். அந்த இடத்தில் கயிறு இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழம், போனால் அதிகம், அதனால்தான் நுனியைக் கட்டுவதில் எனக்கு அலட்சியம்.

கயிறு நிற்கவில்லை. காலடியில் சுருண்டு கிடந்தது முழுவதும் அவிழ்ந்து அவிழ்ந்து போனது. நான் குனிவதற்குள் நுனியும் விளிம்பைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து கறுப்பாய்க் கலங்கல் வந்தது.

"அக்கா, கயிறு எங்க போச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"குளிக்கப் போயிருக்கு பாப்பா" என்றான் அண்ணன். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. சீக்கிரமே, இங்கே மீன் கடிக்கவில்லை என்று சொல்லி எல்லோரையும் ஏற்றிவிட்டான். உண்மையில் அப்போதுதான் அந்த அம்மாவின் தூண்டிலில் ஒன்று மாட்டியிருந்தது.

திரும்பியதும் எனக்குச் செம திட்டு. நீரோட்டம் கயிற்றை இழுத்துவிட்டதாம். வகுப்பில் உட்கார்ந்து யோசித்தேன், ஒரு கணக்கும் ஏறவில்லை. கடல் ஏற்றம் முடிந்து தண்ணீர் அசையாமல் நின்றிருந்த நேரம் அது, ஓட்டமே இல்லை. கயிறு சாய்வாகப் போகவில்லை, நேராகக் கீழே போனது. காயலின் வளைவுக்கு அப்பால் மணல் அள்ளும் இயந்திரம் வந்ததிலிருந்து இராத்திரி முழுக்க அதன் சத்தம் கேட்கிறது. அது அள்ளும் பள்ளத்துக்குள் எங்கள் திட்டு அடியிலிருந்து சரிந்துகொண்டிருந்தால், மேலே முழங்கால் தண்ணீர்தான் தெரியும். ஓரத்தில் ஒரு குழந்தை நின்றால் அந்த ஓரம் தாங்குமா?

சாப்பிடும்போது இதைச் சொன்னேன்.

"கயித்தக் கட்டத் தெரியல, ஆழம் அளக்க வந்துட்டா" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்துக்கொண்டே, நாளைக்கு வருகிற குடும்பத்தைப் பற்றி ஆரம்பித்தாள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனுக்கு நான்கு வயது, தண்ணீரில் நிற்கப்போகிறோம் என்று ஒரு வாரமாய்த் தூங்கவில்லையாம்.

"அவங்கள வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போலாமே" என்றேன்.

"வேற இடத்துல எங்க நிக்க வைப்ப? உன் தலையிலயா? திட்டு இல்லன்னா நம்மகிட்ட யாரு வருவா?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "போன வாரமே அந்த ஓரம் காலுக்குக் கீழ கொஞ்சம் நகந்துச்சு. நடுவுல நின்னா ஒண்ணும் ஆகாது. நான் பட்டையப் பிடிச்சுக்கறேன்ல."

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கு அவனிடம் எத்தனை கை இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவன் கை கழுவப் போனதும், ஆணியில் தொங்கிய என்ஜின் சாவியை எடுத்துக்கொண்டேன். அண்ணி பார்த்தாள். பார்த்துவிட்டு, பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

இப்போது சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. அண்ணன் இன்னும் தூங்கவில்லை. பக்கத்து அறையில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. அதற்கும் அப்பால் அந்த இயந்திரம். நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தப்பாகவே இருந்தால் காலையில் இன்னொரு திட்டு வாங்கிக்கொள்கிறேன், அது பழகிப்போனதுதான்.

நாளைய வேலை: விடிவதற்குள் துணியை எல்லாம் எடுத்துவிட்டு மூங்கிலைப் படகில் ஏற்ற வேண்டும். அந்தக் குடும்பம் வருவதற்கு முன்னால் திட்டுக்குப் போய், படகை விட்டு இறங்காமல், நடுவிலிருந்து ஓரம்வரை குத்திப் பார்க்க வேண்டும். மூங்கில் எங்காவது நிற்காமல் உள்ளே போனால், சாவியை அண்ணனிடம் கொடுக்கக் கூடாது. படகுத்துறையில் நின்று அந்தக் குடும்பத்திடம் நானே சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன் மாற்று நங்கூரக் கயிற்றின் நுனியை வளையத்தில் கட்ட வேண்டும்.