பத்தொன்பது பக்கம்

"வீட்ல உட்கார்ந்துக்கிட்டு அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறீங்க?" என்று மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். திரையில் பதினோரு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

வேலையை விடலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நான் போனால் அடுத்து வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே என்று, செய்வதையெல்லாம் படுக்கையறை மூலையில் இருக்கும் என் மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் தேறும் என்று நினைத்தேன். எந்த சர்வர் திங்கட்கிழமை படுத்துக்கொள்ளும், அதை எப்படி எழுப்புவது, எந்த வாடிக்கையாளரை முதலில் திட்ட விட்டுப் பிறகு பேச வேண்டும் என்று எழுத எழுதப் பத்தொன்பது பக்கம் வந்தது.

என் கணவர் எலக்ட்ரீஷியன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"இவ்வளவும் நீ ஒருத்தியா செய்யுற? மீட்டிங்ல தலையாட்டிக்கிட்டு இருக்கிறதாத்தான் நெனச்சேன்," என்றவர், மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது. இத்தனை தெரிந்தவளுக்கு வேறு வேலை கிடைக்காதா என்ன? ராஜினாமாக் கடிதத்தோடு அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் மேனேஜர் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"இதுக்கு மூணு பேராவது வேணுமேம்மா."

"நாலு பேர் வேணும் சார்," என்றேன். "வீட்ல உட்கார்ந்துக்கிட்டு அதைத்தான் வெட்டி முறிச்சேன்."